எட்டு நட்டும் ஒரு வெள்ளைக் கோடும்

“யாரோ என் எஞ்சின்ல கை வைக்காங்க, மேடம்.”

வஞ்சிக்கொடி தலையை நிமிர்த்தவில்லை. மேஜைமேல் கிடந்த ஓர் இரும்புத் தகட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எப்படித் தெரியும்ங்ணா?”

தங்கமாடன் செல்போனை நீட்டினார். அதில் ஒரு படம். எஞ்சினின் பக்கவாட்டில் வரிசையாக எட்டு நட்டுகள். ஒவ்வொரு நட்டின்மேலும் ஒரு வெள்ளைக் கோடு. நட்டின் தலையில் தொடங்கி, அது உட்கார்ந்திருக்கும் தகட்டின்மேல் போய் முடிகிற கோடு.

“நேத்து நான் போட்டது. யாருக்கும் தெரியாம பெயின்ட்டு வச்சு இழுத்தேன். நட்டு அசைஞ்சா கோடு ஒடையும். காலையில டீக்கடைக்குப் போயிட்டு வந்து பாக்கேன், அஞ்சு கோடு ஒடைஞ்சு கெடக்கு.”

வஞ்சிக்கொடி கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார்.

“பாத்தேன்,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். “இப்ப உங்களுக்கு என்ன தெரியணும்?”

“யாருன்னு தெரியணும்.”

“அது மட்டும் போதுங்ளா?”

“அது போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.”

வஞ்சிக்கொடி மறுபடியும் தகட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

*

தங்கமாடனுக்கு வயது ஐம்பது. கோவில்பட்டிப் பக்கம் முப்பது வருஷம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் எஞ்சின் பிரித்துக் கோத்தவர்.

கோயமுத்தூருக்குத் தெற்கே, பந்தயப் பாதைக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது வஞ்சிக்கொடியின் பட்டறை. பந்தயக் காருக்கு எஞ்சின் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, கற்றுக்கொள்ள வந்து மூன்று மாதம் ஆகிறது.

வஞ்சிக்கொடி அவரைவிடப் பதினோரு வயது சின்னவர். முதல் நாளே தங்கமாடன் கேட்டுவிட்டார்.

“வயசுல மூத்தவன் வந்து சீடனா நிக்கேன். உங்களுக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லையே?”

“விளக்கமாறு அந்த மூலையில இருக்குங்ணா,” என்றார் வஞ்சிக்கொடி.

தங்கமாடன் பெருக்கினார். பெருக்கும்போதே, யார் எந்தப் பெட்டியைப் பூட்டுகிறார்கள், யார் பூட்டுவதில்லை என்று பார்த்து வைத்துக்கொண்டார்.

அது அவருடைய பழக்கம். ஊரில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். ஒன்றாகப் பட்டறை வைத்து ஒரே சட்டியில் சாப்பிட்டவன். புதுப்பெட்டிக்குள் பழைய பாகத்தை வைத்து, அதைத் தங்கமாடன் கையாலேயே மாட்ட வைத்தான். கல்யாண வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பஸ் ஒன்று செங்கோட்டை ஏற்றத்தில் எஞ்சின் உடைந்து, பின்னால் உருண்டு, பள்ளத்தில் சாய்ந்தது. ஒரு கிழவருக்கு இடுப்பு ஒடிந்தது. கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பியவர் தங்கமாடன். பேர் போனது அவருக்குத்தான்.

அதிலிருந்து யாராவது தண்ணீர் கொடுத்தால்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

*

வஞ்சிக்கொடி அவரிடம் கொடுத்த முதல் தனி வேலை இதுதான். நாலு சிலிண்டர் பந்தயக் கார். எஞ்சினிலிருந்து எரிந்த புகையை வெளியே கொண்டுபோக நாலு குழாய்கள். நாலும் வளைந்து வந்து ஒன்றாகச் சேரும். அதற்கு ஹெடர் என்று பெயர். ஹெடர் எஞ்சினோடு சேரும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு. அதுதான் கேஸ்கட். எட்டு நட்டை இறுக்கினால், கேஸ்கட் நசுங்கிப் போய் இடைவெளியை அடைக்கும். அடைக்காவிட்டால், எண்ணூறு டிகிரி சூட்டில் கிளம்புகிற காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். பக்கத்தில் வயர் இருக்கும். பெட்ரோல் குழாய் இருக்கும்.

தங்கமாடன் முதலில் நார் கேஸ்கட் போட்டார். எவ்வளவு இறுகுகிறது என்று காட்டும் அளவுமானியை வைத்து, சொன்ன அளவுக்கு இறுக்கினார். எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.

மறுநாள் காலை வந்தபோது எஞ்சின் பக்கத்தில் ஒருவர் ஸ்பேனரோடு நின்றிருந்தார். கிட்டுசாமி. ஹெடர் குழாய்களை வளைத்து வெல்டு வைக்கிறவர். நாற்பத்து நாலு வயது இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

“இங்க என்ன வேலை?” என்றார் தங்கமாடன்.

“ஆறிருச்சுங்ணா. அதான்...”

“என்ன ஆறிருச்சு?”

“எஞ்சின். ஆறினதுக்கப்புறம் ஒருக்கா...”

தங்கமாடன் ஸ்பேனரைப் பிடுங்கினார். “நான் மாட்டுன எஞ்சின்ல எனக்குத் தெரியாம எவனும் கை வைக்கக் கூடாது. கேட்டுக்கிடுங்க.”

கிட்டுசாமி கேட்டுக்கொண்டார். தன் வெல்டிங் மூலைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் நார் கேஸ்கட் எரிந்து ஓட்டை விழுந்தது.

கடைக்காரன் போலிச் சரக்கைத் தள்ளிவிட்டான் என்று தங்கமாடன் முடிவு செய்தார். வேறு கடைக்குப் போய், மூன்று அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் வாங்கி வந்தார். கடை வாசலிலேயே பெட்டியைப் பிரித்து, வெயிலில் பிடித்து, முகர்ந்து பார்த்து வாங்கினார்.

அதுவும் இரண்டே நாளில் டிக் டிக் என்று சத்தம் போட்டது.

கடை இல்லை என்றால் ஆள்தான். அதனால்தான் பெயின்ட் டப்பாவை எடுத்தார்.

*

படத்தைக் காட்டிய அன்று மத்தியானம் வஞ்சிக்கொடி அவரைக் கூப்பிட்டார். கையில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கொடுத்தார்.

“எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க. ஹெடர் ஓரமா இதைப் புடிச்சுக்கிட்டே போங்க. புகை என்ன பண்ணுதுன்னு பாருங்க.”

தங்கமாடன் ஊதுபத்தியை முதல் குழாயின் ஓரத்தில் பிடித்தார். புகை நேராக மேலே போனது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதிலும்.

நாலாவது குழாயின் ஓரத்தில் புகை நடுங்கியது. பிறகு ஒரு நூல்போலத் தகட்டுக்குள் நுழைந்து மறைந்தது.

“இது என்ன, உள்ள இழுக்கு?” என்றார். “வெளிய தள்ளும்னுல்லா நெனச்சேன்.”

“ஓட்டைன்னா ரெண்டும் நடக்கும்.”

வஞ்சிக்கொடி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். ஹெடருக்குக் கீழே பொருத்தியிருந்த சென்சார் எண்களை அனுப்பிக்கொண்டிருந்தது.

“சென்சார் என்ன சொல்லுதுங்ணா?”

“காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு சொல்லுது.”

“பிளக்கைக் கழட்டிப் பாருங்க.”

தங்கமாடன் நாலாவது பிளக்கைக் கழற்றினார். அது கரிக்கட்டையாக இருந்தது. பெட்ரோல் கம்மியாக எரிந்த பிளக் இல்லை. அளவுக்கு மீறிப் பெட்ரோல் எரிந்த பிளக்.

“அப்ப சென்சார் பொய் சொல்லுது.”

“இல்லைங்ணா. அது மூக்குல பட்ட காத்தைத்தான் சொல்லுது. அந்தக் காத்து எஞ்சின்ல இருந்து வரலை. ஓட்டை வழியா வந்துச்சு.”

“கம்ப்யூட்டர் அதை நம்பி பெட்ரோலை ஊத்துது.”

“ஆமாங்.”

தங்கமாடன் கரிப்பிளக்கைத் துணியில் வைத்தார்.

“சரி,” என்றார். “ஆனா ஓட்டை போட்டது யாரு?”

வஞ்சிக்கொடி ஊதுபத்தியை வாங்கி, வாசலில் இருந்த மண்ணில் குத்தி அணைத்தார்.

*

மேடம் எதையோ மறைக்கிறார் என்று தங்கமாடனுக்கு அன்றைக்குத் தோன்றியது. தோன்றியது போகவில்லை.

வஞ்சிக்கொடி மாட்டிய ஹெடர் ஒன்றுகூட ஒழுகியதில்லை. அவர் பயன்படுத்துவதும் அதே கேஸ்கட், அதே நட்டு, அதே அளவுமானி. அப்புறம் எப்படி?

ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கேஸ்கட் மாட்டும் வேலை வரும்போதெல்லாம் வஞ்சிக்கொடி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுப்பார். முதுகைக் காட்டிக்கொண்டு திறப்பார். ஏதோ எடுப்பார். மூடி வைத்துவிடுவார்.

ரகசியப் பேஸ்ட். வேறென்ன?

ஒரு நாள் வஞ்சிக்கொடி குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்க வந்தவரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது, கொக்கியில் தொங்கிய சட்டையிலிருந்து தங்கமாடன் அந்த டப்பாவை எடுத்தார். திறந்தார்.

உள்ளே கிராம்பு.

“ரெண்டு எடுத்துக்கங்ணா,” என்றது பின்னால் ஒரு குரல். “எனக்குக் கடவாய்ப் பல்லு. குனிஞ்சு வேலை செஞ்சா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. உங்களுக்குமா?”

தங்கமாடன் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வேறு வழி தெரியவில்லை.

*

மேடம் இல்லை என்றால் கிட்டுசாமி.

கணக்குச் சரியாக இருந்தது. கோடு உடைந்த அன்று காலை, டீக்கடையில் பால் தீர்ந்துபோய் தங்கமாடன் சீக்கிரமே திரும்பியிருந்தார். அப்போது எஞ்சின் அறையிலிருந்து கிட்டுசாமி வெளியே வந்தார். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்தக் கையில் பதினாலாம் நம்பர் ஸ்பேனர். ஹெடர் நட்டின் அளவு பதினாலு.

ஏன் செய்கிறான்? அதற்கும் காரணம் கிடைத்தது. பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறவன். நேற்று வந்த ஒருத்தனுக்கு மேடம் தனி எஞ்சின் கொடுத்துவிட்டார். பொறுக்குமா?

தங்கமாடன் வஞ்சிக்கொடியிடம் போனார்.

“எனக்கு எஞ்சின் ரூமோட சாவி வேணும். இருக்கிற எல்லாச் சாவியும்.”

“எதுக்குங்ணா?”

“பந்தயத்துக்கு ஒம்பது நாளுதான் இருக்கு. புதுக் கேஸ்கட்டு போடப் போறேன். நான் ஒருத்தன்தான் தொடணும். அப்பவும் ஒழுகிச்சின்னா என் மேல தப்பு. ஒழுகலைன்னா, யாரு மேல தப்புன்னு உங்களுக்கே தெரிஞ்சுபோகும்.”

வஞ்சிக்கொடி மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு சாவிகளை எடுத்து வைத்தார்.

“இவ்வளவுதான் இருக்கு.”

தங்கமாடன் சாவிகளை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“மேடம், நார், ஸ்டீல், செம்பு, இந்த மூணுல எது நல்லது?”

“மாட்டினதுக்கு அப்புறம் அதை யாரு பாத்துக்கப் போறாங்க? அதைப் பொறுத்ததுங்ணா.”

மேடத்துக்கும் கிட்டுசாமிமேல் சந்தேகம் இருக்கிறது, வெளியே சொல்ல முடியாமல் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று தங்கமாடன் எடுத்துக்கொண்டார்.

செம்பை வாங்கினார். மூன்றிலும் விலை கூடியது அதுதான்.

*

கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார். எஞ்சின் முகத்தைச் சுரண்டினார், துடைத்தார். நேர்க்கோல் வைத்து மேடு பள்ளம் பார்த்தார். செம்புத் தகட்டைப் பொருத்தினார். நடுவில் தொடங்கி வெளியே போகிறமாதிரி, மூன்று சுற்றாக இறுக்கினார். எட்டு நட்டுக்கும் வெள்ளைக் கோடு இழுத்தார். எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டினார். சத்தம் இல்லை. நிறுத்திவிட்டுப் பூட்டினார்.

மறுநாள் திறந்தார். எட்டுக் கோடும் அப்படியே இருந்தன.

இரண்டாம் நாள் ஓட்டினார், பூட்டினார். கோடுகள் அப்படியே.

நாலாம் நாளும் அப்படியே.

அந்த நாலு நாளில் கிட்டுசாமி இரண்டு தடவை எஞ்சின் அறைப் பக்கம் வந்தார். பூட்டைப் பார்த்தார். ஒரு தடவை பூட்டைத் தொட்டுக்கூடப் பார்த்தார். வெளியே டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து தங்கமாடன் அதைப் பார்த்தார்.

“மாட்டிக்கிட்டான்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நாலு நாளும் அவருக்கு நல்ல பசி எடுத்தது.

ஐந்தாம் நாள் வஞ்சிக்கொடியிடம் போனார்.

“வண்டி தயாரு, மேடம். ஒரு கோடு அசையலை. பாதையில ஓட்டிப் பாக்கலாம்.”

“ஒரு கோடுமே அசையலைங்ளா?”

“ஒண்ணுகூட.”

வஞ்சிக்கொடி வாயில் ஒரு கிராம்பைப் போட்டு மெல்லக் கடித்தார். பந்தயத்தில் ஓட்டப்போகிறவருக்குப் போன் செய்து, இன்றைக்கு வர வேண்டாம் என்றார்.

“நான் ஓட்டுறேன்,” என்றார் தங்கமாடனிடம். “பாதையில வேற வண்டி இல்லாத நேரமாக் கேட்டிருக்கேன். கிட்டுசாமி, தீயணைக்கிற சிலிண்டர் ரெண்டையும் எடுத்துக்க.”

இவனை எதற்குக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று தங்கமாடனுக்குப் புரியவில்லை. வேனில் போகும்போது கிட்டுசாமியின் கைகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

*

முதல் சுற்று மெதுவாக. இரண்டாவது கொஞ்சம் வேகமாக.

மூன்றாவது சுற்றில், நேர்பாதையில் வரும்போது எஞ்சினின் குரல் மாறியது. பட்டாசுச் சரத்தைத் தூரத்தில் கொளுத்தியதுபோல ஒரு படபடப்பு. அந்தச் சத்தம் தங்கமாடனுக்குத் தெரியும்.

வளைவுக்கு முன்னால் பானெட் இடுக்கிலிருந்து புகை வந்தது. முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு.

தங்கமாடன் நின்ற இடத்திலேயே நின்றார்.

கிட்டுசாமி ஓடினார். கார் புல்லில் இறங்கி நிற்பதற்கு முன்பே அவர் சிலிண்டரோடு அங்கே இருந்தார். பானெட்டைத் திறந்து பொடியை அடித்தார். வஞ்சிக்கொடி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, இருமிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினார். பானெட் கொக்கியை உள்ளிருந்து இழுத்தபோது பட்ட சூட்டில் இடது மணிக்கட்டில் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் வெந்திருந்தது.

ஹெடர் ஓரமாகப் போன வயரின் உறை உருகி ஒழுகியிருந்தது. அதற்கு நாலு விரல் தள்ளித்தான் பெட்ரோல் குழாய்.

“இன்னும் ஒரு சுத்து போயிருந்தா...” என்றார் கிட்டுசாமி.

*

எஞ்சின் ஆறியபிறகு தங்கமாடன் தனியாகப் போய்க் குனிந்தார்.

பொடியைத் துடைத்தார். எட்டு வெள்ளைக் கோடுகளும் தெரிந்தன. ஒன்றுகூட உடையவில்லை. நட்டும் தகடும் ஒரே நேர்க்கோட்டில்.

யாரும் தொடவில்லை.

தொட்டிருக்க முடியாது. சாவி அவருடைய இடுப்பில் இருக்கிறது.

நாலாவது குழாயின் கடைசி நட்டின்மேல் விரலை வைத்தார். சும்மாதான் வைத்தார்.

நட்டு சுழன்றது.

ஸ்பேனர் இல்லாமல், இரண்டே விரலில், பாட்டில் மூடி மாதிரி சுழன்றது.

அடுத்த நட்டைத் தொட்டார். அதுவும் அப்படியே. விரல் படும்வரை கோடு அப்படியே இருந்தது, பிடிதான் இல்லை. சூட்டில் விரிந்து, ஆறிச் சுருங்கி, மறுபடி விரிந்து, செம்புத் தகடு நாலு நாளில் நசுங்கி மெலிந்துபோயிருந்தது. நட்டு நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கு அடியில் இருந்தது இறங்கிவிட்டது.

லாரி எஞ்சினில் அப்படி இல்லை. கனத்த வார்ப்பிரும்பு. ஒரு தடவை இறுக்கினால் அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

தங்கமாடன் புல்லில் உட்கார்ந்தார். போனை எடுத்தார். அன்றைக்கு எடுத்த படத்தைத் தேடிப் பெரிதாக்கினார்.

ஐந்து கோடுகள் உடைந்திருந்தன. ஐந்திலும் நட்டின்மேல் இருந்த பாதி, வலது பக்கம் நகர்ந்திருந்தது.

வலது பக்கம்.

கழற்றுகிற பக்கம் அது இல்லை.

உடையாமல் இருந்த மூன்று கோடுகளைப் பார்த்தார். மூன்றும் நாலாவது குழாயின் ஓரத்தில். ஊதுபத்திப் புகையை இழுத்த இடம்.

அன்றைக்கு மட்டும் டீக்கடையில் பால் இருந்திருந்தால், அந்த மூன்றையும் இறுக்கிவிட்டுத்தான் கிட்டுசாமி வெளியே வந்திருப்பார்.

*

வஞ்சிக்கொடி வேனின் படியில் உட்கார்ந்து மணிக்கட்டில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். தங்கமாடன் முன்னால் போய் நின்றார்.

“உங்களுக்கு அன்னைக்கே தெரியும்.”

“படத்தைப் பாத்தப்பவே தெரியும்ங்ணா.”

“ஏன் சொல்லலை?”

“யாருன்னுதான் நீங்க கேட்டீங்க. எந்தப் பக்கம்னு கேக்கலைங்ளே.”

“கேக்கலைன்னா என்ன? இவரு இறுக்குதாரு, கழட்டலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்ளா? கிட்டுசாமியை நான் காப்பாத்தப் பாக்குறேன்னு நெனச்சிருக்க மாட்டீங்ளா?”

தங்கமாடன் இடுப்பில் இருந்த சாவிகளைத் தொட்டுப் பார்த்தார்.

“ஒழுகும்னு தெரிஞ்சுதான் உக்காந்தீங்களா?”

“ஒழுகும்னு தெரியும். எப்பன்னு தெரியாது. கோடு அசையலைன்னீங்க. அப்பவே மனசுல பட்டுச்சு.”

“பெட்ரோல் குழாய் நாலு வெரக்கடை தள்ளி, மேடம்.”

“அதான் இன்னொருத்தரை உக்கார வைக்கலைங்ணா.”

மருந்து டியூபின் மூடி எங்கேயோ விழுந்திருந்தது. இரண்டு பேரும் குனிந்து அதைத் தேடினார்கள். தங்கமாடன் கண்டெடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அந்த மணிக்கட்டைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“உங்க வேலை சுத்தமாத்தான் இருந்துச்சு,” என்றார் வஞ்சிக்கொடி. “மாட்டுன அன்னிக்கு.”

*

பந்தயத்துக்கு நாலு நாள் இருந்தது.

தங்கமாடன் ஹெடரைக் கழற்றி, நசுங்கிய செம்புத் தகட்டை எடுத்துக்கொண்டு வெல்டிங் மூலைக்குப் போனார். அவராக அந்த மூலைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

“இதைச் சூடு காட்டணும். உங்க கேஸ் விளக்கு கிடைக்குமா?”

கிட்டுசாமி விளக்கைப் பற்றவைத்துக் கொடுத்தார். தங்கமாடன் தகட்டின்மேல் தீயை ஓட்டினார். செம்பு மங்கலாகச் சிவந்தது.

“போதுங்ணா,” என்றார் கிட்டுசாமி. “இனி தண்ணியில விடுங்க.”

வாளித் தண்ணீரில் விட்டபோது தகடு சுர்ரென்றது. எடுத்து வளைத்துப் பார்த்தார். இறுகிப்போயிருந்த செம்பு, ஈரத்துணி மாதிரி மெத்தென்று வளைந்தது.

அன்றைக்கே மாட்டினார்கள். வஞ்சிக்கொடி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். எஞ்சின் அறைக் கதவு திறந்தே கிடந்தது.

சூடாகும்வரை ஓட்டினார்கள். ஆற விட்டார்கள். கை வைத்தால் பொறுக்கிற அளவுக்கு இல்லை, முழுக்கக் குளிரும்வரை ஆற விட்டார்கள்.

மறுநாள் காலை தங்கமாடன் அளவுமானியை எடுத்து நடு நட்டில் வைத்தார். கால் சுற்று இறங்கியது. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம். எட்டாவது நட்டு அரைச் சுற்று வாங்கியது. ஒவ்வொன்றும் இறங்க இறங்க அவருக்கு முகம் சுட்டது.

மறுபடியும் ஓட்டி, மறுபடியும் ஆறவிட்டு, மறுநாள் இறுக்கியபோது நட்டுகள் நூலளவு இறங்கின. அதற்கடுத்த நாள் ஒன்றும் இறங்கவில்லை.

கிட்டுசாமி ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தார். நாலு குழாயின் ஓரத்திலும் புகை நேராக மேலே போனது.

*

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் கார் பன்னிரண்டு சுற்றும் ஓடியது. ஏழாவதாக வந்தது.

வண்டி உள்ளே வந்ததும் தங்கமாடன் டார்ச் அடித்து ஹெடர் ஓரத்தைப் பார்த்தார். கரிக்கோடு இல்லை. துடைத்து வைத்ததுபோல இருந்தது.

வண்டியின் சொந்தக்காரர் வந்து கை கொடுத்தார். வஞ்சிக்கொடி பல் வைத்தியரைப் பார்க்கப் போக வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

கிட்டுசாமி டயர் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து தக்காளிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். தங்கமாடன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பொட்டலம் அவர் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. தங்கமாடன் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. அது அவருக்கே பிறகுதான் உறைத்தது.

“ஒண்ணு கேக்கணும்,” என்றார்.

“கேளுங்ணா.”

“மொதக் கேஸ்கட்டு போட்டப்பவே உங்க கையில இருந்து ஸ்பேனரைப் பிடுங்குனேன். மரியாதை இல்லாமப் பேசுனேன். எனக்கு நல்லது செய்யணும்னு உங்களுக்கு ஒரு அவசியமும் கிடையாது. வண்டி நின்னா பேரு போறது எனக்குத்தான். நான் போயிருந்தா அந்த எஞ்சினை உங்ககிட்டதான் கொடுத்திருப்பாங்க.”

கிட்டுசாமி மென்றுகொண்டே தலையாட்டினார்.

“அப்படியிருக்க, எனக்குத் தெரியாம ஒளிஞ்சு வந்து அதை இறுக்குனீங்களே. எதுக்கு?”

கேள்வி எதைப் பற்றியது என்பதே கிட்டுசாமிக்குப் பிடிபடாததுபோல இருந்தது. வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு, தங்கமாடனை நேராகப் பார்த்தார்.

“லூசா இருந்துச்சுங்ளே, அண்ணா.”